நான் இல்லாத பாடவேளைகள்

1

வெட்கத்தை விட்டுச் சொல்லிவிடுகிறேன். என் அப்பா இறந்த செய்தி வந்த காலையில் நான் அழவில்லை. பெட்டியும் கட்டவில்லை. குசினி மேசையில் உட்கார்ந்து, ஒன்பதாம் ஆண்டுப் பிள்ளைகளுக்குப் பைதகரசின் தேற்றத்தைப் படிப்பிப்பது எப்படி என்று ஐந்து பக்கத்தில் பாடக்குறிப்பு எழுதினேன். எனக்குப் பதிலாக வகுப்புக்குப் போகப்போகிற, முன்பின் தெரியாத ஓர் ஆசிரியருக்காக. மூன்றாம் பக்கத்தில் ஒரு பகிடியும் வைத்திருந்தேன். "இந்த இடத்தில் இதைச் சொல்லவும். பிள்ளைகள் சிரிக்காவிட்டால் கவலைப்பட வேண்டாம், நான் சொன்னாலும் சிரிப்பதில்லை" என்று அடைப்புக்குறிக்குள் வேறு.

இப்போது இதை எழுதுவதற்குக் காரணம், வருகிற கிழமை அப்பாவின் ஆண்டுத் திவசம். போன கிழமை ஒரு பல்லைக் கழற்ற அரை நாள் லீவு எடுத்தேன். பல்லுக்கும் பாடக்குறிப்பு அனுப்ப வேண்டும். பழையது எதையாவது எடுத்துத் தேதியை மாற்றி அனுப்பலாம் என்று கணினிக்குள் தேடியபோது அந்த ஐந்து பக்கம் அகப்பட்டது. முழுவதையும் வாசித்தேன். ஓர் எழுத்துப் பிழைகூட இல்லை. தகப்பன் செத்த அன்று எழுதியது என்று சொன்னால் ஒருவரும் நம்பமாட்டார்கள்.

2

ஊரில் இருக்கிறவர்களுக்கு இந்த ஏற்பாட்டைக் கொஞ்சம் விளங்கப்படுத்த வேண்டும்.

லண்டனுக்கு வடக்கே ஒரு பள்ளிக்கூடத்தில் கணிதம் படிப்பிக்கிறேன். இங்கே ஆசிரியர் வராவிட்டாலும் பாடம் வந்தாக வேண்டும். காய்ச்சலோ, கார் பழுதோ, காலையில் முதல் மணி அடிக்குமுன் குறிப்பு போய்ச் சேர்ந்துவிட வேண்டும். அதைக் கையில் வைத்துக்கொண்டு, ஏஜென்சி அனுப்புகிற ஆள் ஒருவர் வகுப்பை நடத்துவார். எந்தப் பிள்ளையை எந்தப் பிள்ளைக்குப் பக்கத்தில் இருத்தக்கூடாது, கழிவறைக்கு யாரைக் கேட்டவுடன் விடலாம், யாரை எந்தக் காலத்திலும் விடக்கூடாது, எல்லாம் அதில் இருக்க வேண்டும். என்னோடு வேலை செய்கிறவர்கள் அரைப் பக்கத்தில் முடித்துவிடுவார்கள். பக்கம் இன்னது, கணக்கு இன்னது, நன்றி. நான்தான் காவியம் எழுதுகிற ஆள்.

காரணம், நான் ரிலீவ் பார்த்து வளர்ந்தவன், அதாவது வராத ஆசிரியரின் பாடவேளைக்கு இன்னொருவரை அனுப்புவது. நாடு விட்டு வருமுன் வவுணதீவுப் பக்கம் ஒரு பாடசாலையில் சில வருசம் படிப்பித்தேன். வெள்ளம் வந்தால், இரவில் யானை வந்துபோன தெருவால் வரப் பயந்தால், டவுன் பஸ் வழியில் நின்றால், யாராவது ஓர் ஆசிரியர் வரமாட்டார். உப அதிபர் ரிலீவ் கொப்பியோடு ஆசிரியர் அறை வாசலில் தெரிவார். உடனே ஒருவருக்குத் தண்ணீர் விடாய்க்கும். ஒருவருக்குப் போன் வரும். பரீட்சைத் தாள் திருத்துகிறவர்கள் குனிந்த தலை நிமிராமல் திருத்துவார்கள், பரீட்சையே நடந்திராத மாதத்திலும். அகப்பட்டவர் வகுப்புக்குப் போய், "சத்தம் போடாம இருங்க" என்று சொல்லிவிட்டு, கதைக்கிறவர்களின் பெயரைப் பலகையில் எழுத மொனிற்றரை எழுப்பிவிடுவார். பாடவேளை முடிந்தது.

ஒருவர் மட்டும் ஓடமாட்டார். விவசாய ஆசிரியர் செல்லத்துரை சேர். எந்த வகுப்புக்கு அனுப்பினாலும் மறுக்காமல் போவார். போய் ஒரே ஒரு பாடத்தைத்தான் படிப்பிப்பார்: தென்னங்கன்று நடுவது. கணிதம், சைவம், ஆங்கிலம், எதற்கு ரிலீவ் போனாலும் தென்னங்கன்றுதான். ஒருமுறை கல்விப் பணிமனையில் இருந்து வந்த அதிகாரி சைவபாட வகுப்பில் நுழைந்து, "நேற்று என்ன படித்தீர்கள்?" என்று கேட்டார். பிள்ளைகள் ஒரே குரலில், "குழிக்குள்ள முதல் பொச்சுமட்டை போடணும் சேர்!" என்றார்கள்.

அன்றைக்கு நான் சிரித்த சிரிப்பு கொஞ்சமல்ல. நான் இல்லாத வகுப்பில் இன்னொருவர் தென்னங்கன்று நடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று அப்போதே தீர்மானித்துக்கொண்டேன். மனிதனுக்கு எத்தனையோ இலட்சியங்கள் இருக்கலாம். எனக்கு இதுதான் வாய்த்தது.

3

அன்றைக்கு எங்கள் ஊர் மண்டூரிலிருந்து தங்கச்சி வசந்தி போன் எடுத்தாள். இங்கே இன்னும் விடியவில்லை. அங்கே காலைச் சாப்பாடு முடிந்திருக்கும்.

"அண்ணன், அப்பா போயிட்டாரு."

"எப்ப?"

"இப்பதான். குணம்தான் பக்கத்தில இருந்தவன். தேத்தண்ணி கேட்டிருக்காரு. ஊத்திக்கிட்டு வாறதுக்குள்ள முடிஞ்சுது."

குணம் என்பது எங்கள் பெரியப்பாவின் மகன். என்னைவிட இளையவன், எங்கள் வீட்டுக்குப் பக்கத்து வளவு. அப்பாவைக் கிளினிக்குக்குக் கூட்டிப்போவது, உரத்துக்கு வரிசையில் நிற்பது, கண் வில்லை மாற்றுவது எல்லாம் அவன்தான். எனக்கு அவன் ஒரு வசதி. அதற்கு மேல் யோசித்ததில்லை.

"நீங்க வாறியளா?" என்று கேட்டாள் வசந்தி. "வாறதெண்டா வெச்சிருப்பம். ஆனா நாளைக்குப் பின்னேரம் மட்டுந்தான். வயல் வட்டைக்குள்ள வெட்டு மிசின் நிக்குது. சனமெல்லாம் வெள்ளாமை வெட்டில நிக்குதுகள், கன நேரம் மறிக்க ஒண்ணா."

"வாறன். வையுங்க," என்றேன்.

இதைவிடத் தெளிவாக யாரும் யாருக்கும் சொல்ல முடியாது. நாளை பின்னேரத்துக்குள் போனால் அப்பாவின் முகம். போகாவிட்டால் இல்லை.

என் மனைவி சுஜா கல்லடி ஊர்க்காரி. அழுதுகொண்டே போனில் சீட்டுத் தேடினாள். நான் பள்ளிக்கூடத்துக்குப் போன் எடுத்தேன். பதில் ஆசிரியர் ஒழுங்குகளைப் பார்க்கிற பெண் ட்ரேசி. என் தகப்பனார் 'எக்ஸ்பயர்' ஆகிவிட்டார் என்று சொன்னேன். ஊரில் படித்த ஆங்கிலம் அது. மரியாதைக்குரிய சாவுக்கு நாங்கள் அந்தச் சொல்லைத்தான் வைத்திருக்கிறோம். இங்கே அதைப் பால் போத்தலுக்கும் பாஸ்போர்ட்டுக்கும் சொல்வார்கள். எது காலாவதியாயிற்று என்று ட்ரேசி திரும்பக் கேட்டாள். பிறகு விளங்கிக்கொண்டு, மிகவும் அன்பாக, பாடக்குறிப்பு எதுவும் அனுப்ப வேண்டாம், இப்படியான நேரத்தில் நாங்கள் கேட்பதில்லை, நீங்கள் உடனே புறப்படுங்கள் என்றாள். லீவுப் படிவத்தை மட்டும் நிரப்பச் சொன்னாள். இறந்தவர் உங்களுக்கு என்ன முறை என்று கேட்டு, ஒரு பட்டியலைத் திறந்து காட்டியது அது. தகப்பனுக்கு ஒரு கிழமை. மாமனுக்கு ஒரு நாள். சித்தப்பா செத்தால் பெரியப்பாவின் மகனுக்கு எத்தனை நாள் என்று அதில் இல்லை.

படிவத்தை முடித்துவிட்டுப் பாடக்குறிப்பைத் தொடங்கினேன்.

"மத்தியானப் பிளேனில ரெண்டு இடம் இருக்கு," என்றாள் சுஜா. "இப்பவே வெளிக்கிட்டாப் பிடிக்கலாம்."

"இத முடிச்சுப்போட்டு."

"ஆர் இத வாசிக்கப் போறா?"

"படிப்பிக்க வாறவர்."

"அவருக்குத் தெரிஞ்சதப் படிப்பிக்கட்டும். நீங்க எழும்புங்க."

நான் எழும்பவில்லை. முக்கோணம் ஒன்றை வரைந்து, குறுக்கே போகிற நீளப் பக்கமான செம்பக்கத்துக்கு நிறம் தீட்டிக்கொண்டிருந்தேன். கையில் ஒரு வேலை இருந்தது, அது எனக்குத் தெரிந்த வேலை. மற்றதை எங்கே தொடங்குவது என்று தெரியவில்லை. ஐந்தாம் பக்கம் முடிந்தபோது மத்தியான விமானத்தில் இடம் முடிந்திருந்தது. பின்னேர விமானத்தில் ஓர் இடம் இருந்தது. ஒன்றும் கெட்டுப்போகவில்லை, கணக்குப் பார்த்தால் மட்டுமட்டாகப் போய்ச் சேரலாம் என்றேன். சுஜா என் பெட்டியைக் கட்டி வாசலில் வைத்தாள்.

மான்செஸ்டரில் படிக்கிற மகள் ஆரணிக்குச் செய்தி அனுப்பினோம். அப்பப்பாவைச் சின்ன வயதில் ஒருமுறை பார்த்தவள். அழுகை முகங்கள் இரண்டு அனுப்பிவிட்டுக் கேட்டாள்: "நானும் வரவேணுமா, இல்லாட்டி லிங்க் இருக்கா?"

இருந்தது. இப்போது எங்கள் பக்கத்துச் சாவுகளுக்கும் வீடியோக்காரர் வருகிறார்.

4

கட்டுநாயக்கா விமான நிலையத்தில் வான் வைத்துக்கொண்டு நின்றவன் றிஸ்வான், ஏறாவூர்ப் பொடியன். வசந்தி ஒழுங்குபண்ணியது. "நீங்க கண்ண மூடுங்க சேர், நான் கொண்டுபோய்ச் சேக்கிறன்," என்றான். சொன்ன மாதிரியே ஓடினான். ஓட்டமாவடி, அவனுடைய ஏறாவூர், காத்தான்குடி, ஓர் இடத்திலும் நிறுத்தவில்லை. களுவாஞ்சிகுடிக்கு வந்தபோது வெயில் சரியத் தொடங்கியிருந்தது. பட்டிருப்புப் பாலத்தடியில் வானைத் திருப்பப் போனான்.

"நேரே விடு தம்பி. குருமண்வெளிப் பாதையால போவம்," என்றேன்.

வேறு மாவட்டத்தவர்களுக்கு: எங்கள் பக்கத்தில் பாதை என்றால், சனத்தையும் சைக்கிளையும் ஏற்றிக்கொண்டு வாவியைக் கடக்கிற மிதவை. இந்தக் கரை குருமண்வெளி, அந்தக் கரை மண்டூர். பாலத்தால் போனால் வெல்லாவெளிப் பக்கம் சுற்றி வர வேண்டும்.

"பாலத்தால போனா நம்மட கையில இருக்கு சேர்," என்றான் றிஸ்வான். "பாதை எந்தக் கரையில நிக்குமெண்டு அல்லாஹ்வுக்குத்தான் தெரியும்."

"குறுக்கால போறதுதான் தம்பி எப்பவும் கிட்ட. நான் கணக்கு வாத்தியார்."

"அது சரி சேர்," என்றான். வானை நேரே விட்டான்.

பாதை மண்டூர்க் கரையில் நின்றது. தூரத்தில் தெரிந்தது. அசையவில்லை. செம்பக்கத்தின் நீளத்தைக் கண்டுபிடிக்கத் தேற்றத்தில் வழி இருக்கிறது, பாதை அக்கரையிலிருந்து எப்போது புறப்படும் என்பதற்கு இல்லை. என்னுடைய ஐந்து பக்கத்திலும் இருக்கவில்லை.

இறங்குதுறையில் சைக்கிளோடு ஒரு மனிசன் நின்றார். "இண்டைக்கு அது அங்கால சுணங்கும்," என்றார் தானாகவே. "மண்டூரில ஒரு சாவு. இந்தக் கரை ஆக்கள ஏத்திக்கிட்டுத்தான் வரும்."

"ஆர் செத்த?" என்று கேட்டேன். ஏன் கேட்டேன் என்று இன்றைக்கும் தெரியாது.

"நம்மட வட்டவிதானையார். முந்தி வட்டைக்குத் தண்ணி பங்கின மனிசன். மகன் ஒராள் லண்டனாம். வாறார் வாறார் எண்டு வெச்சிருந்தாங்க."

"மறுகா?"

"மறுகா எடுத்திட்டாங்க. மிசின் நிக்குதெல்லா."

லண்டன் மகனைப் பற்றி அவர் மேலே ஏதாவது சொல்வார் என்று காத்திருந்தேன். அவருக்கும் அவ்வளவுதான் தெரிந்திருந்தது.

பாதை மெல்ல வந்தது. அதில் நிறைய வெள்ளை உடுப்பு. கிட்ட வரவர முகங்கள் தெரிந்தன. முகங்களுக்கும் என்னைத் தெரிந்தது. ஒவ்வொருவராக வேறு பக்கம் பார்த்தார்கள். முதலில் இறங்கியவர் செல்லத்துரை சேர். நன்றாக வயதுபோய்விட்டது, தோளில் சால்வை, கையில் செருப்பு.

"ரவி," என்றார். என் கையைப் பிடித்துக்கொண்டார். "ஒரு குறையும் இல்லடா மனே. எல்லாம் ஒழுங்கா நடந்த. குணம் மகன்ட கடமை எல்லாம் செய்தான். நீ நிண்டிருந்தாலும் இப்பிடித்தான் நடந்திருக்கும்." எதையோ யோசித்துவிட்டு, அதுவும் எனக்கு ஆறுதலாக இருக்கும் என்று நினைத்தாரோ என்னவோ, சொன்னார்: "குழியும் நல்ல குழி."

அவர்கள் எல்லாரும் இறங்கினார்கள். றிஸ்வான் பாலத்தால் சுற்றி வர வானைத் திருப்பினான். நான் ஏறினேன். திரும்பிப் போகிற பாதையில் சைக்கிள் மனிசனும் நானும்தான். நடு வாவியில் போன் அதிர்ந்தது. ஆரணி.

"அப்பா, முழுக்கப் பாத்தனான். உங்களத்தான் வீடியோவில காணல்ல. எங்க நிண்டனீங்கள்?"

தண்ணீரைப் படம் பிடித்து அனுப்பலாமா என்று யோசித்தேன். அனுப்பவில்லை.

5

கால் கழுவிவிட்டு உள்ளே போனேன். கட்டில் நின்ற இடம் காலியாக, கழுவிய ஈரத்தோடு கிடந்தது. அம்மா பாயில் இருந்தா.

"வந்திட்டியா மனே," என்றா. "குணம் எல்லாம் செய்திட்டான்."

"ஓம் அம்மா. செல்லத்துரை சேர் சொன்னவர்."

வசந்தி குற்றம் சொல்லவில்லை. ஏதாவது சொல்லியிருந்தால் பிளேன், பாதை, காற்று என்று விளக்குவதற்கு வானுக்குள்ளேயே ஒரு திட்டம் தயாரித்து வைத்திருந்தேன். அதுவும் பாவிக்கப்படாமல் போயிற்று.

மூன்றாம் நாளோ நாலாம் நாளோ, அப்பாவின் வயலில் வெட்டு முடிந்தது. குணமும் நானும் வரம்பில் இருந்தோம். நெல் மூட்டைகளை டிராக்டரில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். மொட்டை அடித்த குணத்தின் தலையில் வெயில் பட்டது. அந்த மொட்டை என்னுடையதாக இருந்திருக்க வேண்டும்.

"கடைசியில என்னக் கேட்டவரா?" என்றேன்.

குணம் ஒரு வைக்கோலைப் பிடுங்கிக் கடித்தான். "சொன்னாக் கோவிக்க மாட்டியள்தானே, அண்ணன்."

"சொல்லு."

"கடைசி மாதம் ஆக்கள ஆரெண்டு மட்டுக்கட்டினது குறைவு. என்னை உங்கட பேரச் சொல்லித்தான் கூப்பிட்டவரு. ரவி, ரவி எண்டு."

"நீ என்ன செய்த?"

"ஓம் அப்பா எண்டு சொல்லுவன். வேற என்ன செய்ற?"

டிராக்டர் கிளம்பிற்று. குணம் வைக்கோலைத் துப்பினான்.

"மறுகா, லண்டன் குளிரா எண்டு கேப்பாரு. ஓம் அப்பா, சரியான குளிர் எண்டுவன். பள்ளிக்கூடம் எப்பிடி எண்டாரு. புள்ளையள் சொல்வழி கேக்குதுகள் இல்ல எண்டன்." குணம் என்னைப் பார்த்தான். "அது எங்கயும் அப்பிடித்தானே? பிழையாச் சொல்லல்லியே?"

"இல்ல. சரியாத்தான் சொல்லியிருக்கிறாய்."

"எப்ப வந்த எண்டு ஒருநாள் கேட்டாரு. நான் போகவேயில்லையே அப்பா எண்டன். அதுக்குச் சிரிச்சாரு."

அழுகிறதென்றால் அந்த இடத்தில்தான் அழுதிருக்க வேண்டும். வரவில்லை. நான் யோசித்தது வேறு. முன்கூட்டி ஒரு வரி எழுதிக் கொடுக்காமல், யாரும் கேட்காமல், ஒருவன் ஒரு மாதம் நானாக இருந்திருக்கிறான். என்னுடைய வருகை இடாப்பில் எனக்கு வரவு போடப்பட்டிருக்கிறது. நான் இருந்திருந்தால் அந்த மனிசனைச் சிரிக்கவைத்திருப்பேனா என்று தெரியாது. அந்தப் பதிலால் நிச்சயமாகச் சிரிக்கவைத்திருக்க முடியாது. என் வாயிலிருந்து அது பொய்.

"நல்லம்," என்றேன். "நல்லம், குணம்."

"வாங்க போவம் அண்ணன், வெயில் ஏறுது," என்றான்.

எட்டாம் நாள் சடங்கான எட்டுச் செலவு முடிந்த மறுநாள் புறப்பட்டேன். சனி, ஞாயிறையும் சேர்த்துப் படிவத்தில் அவ்வளவுதான் கிடைத்தது. முப்பத்தோராம் நாள் அமுதுக்கும் குணம்தான் முன்னுக்கு நின்றான். லிங்க் வந்தது.

6

திரும்பிப் போன காலை, ட்ரேசி கட்டிப்பிடித்து அனுதாபம் சொன்னாள். கணிதப் பிரிவில் எல்லோரும் கையெழுத்திட்ட ஒரு வாழ்த்தட்டை, அதாவது துக்க அட்டை, என் மேசையில் இருந்தது. அதற்குப் பக்கத்தில் என் ஐந்து பக்கம். அச்செடுத்துப் பின் அடித்தபடி, ஒரு பக்கமும் புரட்டப்படாமல். அதன்மேல் ஒரு சின்னப் போத்தல் தேன்.

எனக்குப் பதிலாக வந்தவர் ஓய்வுபெற்ற ஆசிரியராம். வேல்ஸ்காரர். வீட்டில் தேனீ வளர்க்கிறார். என் வகுப்புகள் எல்லாவற்றுக்கும், அந்தக் கிழமை முழுவதும், தேனீயைப் பற்றித்தான் படிப்பித்திருக்கிறார். தேற்றம் எங்கே என்று கேட்ட பிரிவுத் தலைவிக்கு, தேனீ அறுகோணத்தில் கூடு கட்டுகிறது, அது கணிதம் இல்லாமல் வேறென்ன என்று கேட்டாராம். வெறும் கூடு ஒன்றையும் கொண்டுவந்து பிள்ளைகளின் கையில் கொடுத்தாராம். கடைசி மணி அடித்தபிறகும் ஒரு பிள்ளையும் எழும்பவில்லை என்றாள் ட்ரேசி. என் வகுப்பில் அந்தப் பிரச்சினை இருந்ததில்லை.

கதிரையில் இருந்து, பொச்சுமட்டையை நினைத்துக்கொண்டேன். கடல் தாண்டி வந்து, கோட்டு மாட்டி, ஐந்து பக்கம் எழுதியும் செல்லத்துரை சேரிடமிருந்து தப்ப முடியவில்லை.

முதல் பாடவேளை ஒன்பதாம் ஆண்டு. உள்ளே வந்தவர்கள் வழக்கத்துக்கு மாறாகச் சத்தம் போடவில்லை. யாரோ சொல்லி வைத்திருக்கிறார்கள். பலகையில் முக்கோணம் வரைந்தேன். செம்பக்கத்துக்கு நிறம் தீட்டினேன். மூன்றாம் பக்கத்துப் பகிடியை நானே சொன்னேன். ஒருவரும் சிரிக்கவில்லை. எல்லாம் பழையபடி ஆகிவிட்டது என்று கொஞ்சம் நிம்மதியாக இருந்தது.

மணி அடித்து எல்லாரும் போனபிறகு க்ளோயி என்ற பிள்ளை மட்டும் மேசைக்கு வந்தாள். கடைசி வரிசைக்காரி. அதுவரைக்கும் என்னோடு கழிவறைக்குப் போகலாமா என்பதைத் தவிர எதுவும் பேசியதில்லை.

"சேர், உங்கள் அப்பாவைப் பற்றிக் கேள்விப்பட்டோம். வருத்தமாக இருக்கிறது."

"நன்றி, க்ளோயி."

"உங்கள் அம்மா இருக்கிறாரா?"

ஊரை விட்டு வந்தபிறகு அப்படி ஒருவர் கேட்டது அதுதான் முதல் தடவை. ஒரு பதினான்கு வயதுப் பிள்ளை கேட்கிறதே என்று நினைத்தேன்.

"இருக்கிறார்," என்றேன்.

"சுகமாக இருக்கிறாரா?"

"வயது போய்விட்டது. முந்தி மாதிரி இல்லை."

அவள் கவனமாகத் தலையை ஆட்டினாள். பையைத் தோளில் மாட்டிக்கொண்டாள்.

"அப்படியென்றால் தேனீ சேர் இன்னொரு முறை வருவார்," என்றாள்.